கால்சியம் டப்பாவில் இருந்த மாத்திரை: எச்.ஐ.வி உள்ள, இல்லாத இரண்டு கர்ப்பிணிகளின் சர்க்கரை

எங்கள் கர்ப்பிணிகள் வார்டில் ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். இருவருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். ஒருவருக்கு எச்.ஐ.வி உண்டு, மற்றவருக்கு இல்லை. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். தனித்தனியாகப் பார்த்திருந்தால் எனக்கே சில விஷயங்கள் புரிந்திருக்காது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். ஜன்னலோரப் படுக்கை, கதவோரப் படுக்கை என்றே இருவரையும் குறிப்பிடுகிறேன்.

ஜன்னலோரப் படுக்கை

31 வயது, இரண்டாவது கர்ப்பம். முதல் கர்ப்பத்தின்போது நம்பிக்கை மையத்தில் செய்த பரிசோதனையில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. அன்று முதல் கூட்டு மருந்து. முதலில் எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை, பிறகு டி.எல்.டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் இருப்பதுதான் டி.எல்.டி. மாத்திரை மாறிய பின் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனது என்று அவரே சொன்னார். கர்ப்பத்துக்கு முன் உடல் நிறை குறியீடு 27. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 612. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தது.

பத்தாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 118. இருபத்தாறாவது வாரத்தில் 168. நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு, பிறகும் சாப்பாட்டுக்குப் பின் 142. ஊர்ப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு என்று ஆரம்பித்தார்கள். இறங்கவில்லை. படிப்படியாக ஏற்றி ஒரு நாளைக்கு 2000 மி.கி. வரை கொண்டுபோனார்கள். எச்.ஐ.வி இல்லாத ஒருவருக்கு இது வழிகாட்டுதலுக்கு உட்பட்ட, சரியான முடிவு.

பத்து நாளில் வயிற்றுப்போக்கு, குமட்டல், வாந்தி. 32-வது வாரத்தில் எங்களிடம் வந்தபோது உதடு காய்ந்திருந்தது. ஐந்து நாளாக எந்த மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை என்றார். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைப்பதால் வரும் கீட்டோன் சிறுநீரில் இரண்டு பிளஸ். நல்லவேளையாக, ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று காட்டும் லாக்டேட் இயல்பு, பைகார்பனேட் 20; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.7. அவர் கொண்டுவந்த கர்ப்பிணிப் புத்தகத்தில் “வேறு மருந்துகள்” என்ற இடம் காலியாக இருந்தது.

கதவோரப் படுக்கை

24 வயது, முதல் கர்ப்பம், எச்.ஐ.வி இல்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஹீமோகுளோபின் 9.2. இருபத்தாறாவது வாரத்தில் இவருக்கு 172. உணவுக் கட்டுப்பாட்டுக்கு மசியவில்லை. மெட்ஃபார்மின் 2000 மி.கி. வரை போனார். வயிற்றுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு ஸ்கேனில் கூடுதலாகத் தெரிந்ததால் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் நன்றாக இருக்கிறார், இன்னொருவர் கட்டிலில் சுருண்டு கிடக்கிறார்.

மெட்ஃபார்மின் ஏன் ஒருவரைப் படுக்கவைத்தது?

மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதில்லை. உள்ளே போன மாதிரியே சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது. அதை வெளியே தள்ளும் கடத்திப் புரதங்களை, ஓ.சி.டி.2, மேட்1 என்ற இரண்டையும், டோலுடெக்ராவிர் தடுக்கிறது. டோலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் சாப்பிடும் ஒருவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் சுமார் 79 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது. 2000 மி.கி. சாப்பிட்டவர் கிட்டத்தட்ட 3500 மி.கி. சாப்பிட்டது போல. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கொஞ்சம் குறையும். ஆனாலும் டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி.

எச்.ஐ.விக்கான கூட்டு மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி மையத்தில் இருப்பவர்களுக்கு இந்த விதி தெரியும். கர்ப்பிணிகளைப் பார்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்தப் பெண் டி.எல்.டி. எடுப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பின்னாடி வரிசையில எங்க தெருக்காரங்க ரெண்டு பேர் நின்னாங்க டாக்டர். அங்க எப்படிச் சொல்றது?”

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. மருந்துகளைப் பற்றிக் கேட்கிற கேள்வியைக் கதவில்லாத இடத்தில், இருபது பேர் காதில் விழும்படி கேட்டால் உண்மையான பதில் எப்படி வரும்?

இங்கே சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி சட்டம் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அதைக் காரணம் காட்டி மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் எழுதிக்கொள்ளாமல் இருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் சிகிச்சைக்குத் தேவையானபோது, அதே நோயாளியைப் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் தெரிவிக்க அந்தச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. தெருவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம். மருந்து எழுதுபவருக்கும் தெரியாமல் போனால் அது நோயாளிக்கே தீங்கு.

டப்பா

மெட்ஃபார்மினை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, வாந்தி அடங்கியதும் வைரஸ் அளவு பார்க்க ரத்தம் அனுப்பினோம். 32-வது வாரத்துக்குப் பிறகு எப்படியும் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. ஒரு மில்லிலிட்டருக்கு 380 என்று வந்தது. பெரிய எண் இல்லை. ஆனால் கண்டறிய முடியாத அளவில் இருந்தவருக்கு இப்போது தெரிகிறது. ஐந்து நாள் வாந்தியால் மட்டும் வந்ததா என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

கணவர் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். அதில் டி.எல்.டி. டப்பா இல்லை. கால்சியம் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். இரண்டு வகை மாத்திரைகள் கலந்து கிடந்தன. மாமியாருக்கு விஷயம் தெரியாது. கணவருக்கும் எச்.ஐ.வி உண்டு, அவர் தன் மாத்திரையை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துச் சாப்பிடுகிறார். மனைவிக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அதனால் கால்சியம் டப்பாவுக்குள் போட்டுவைத்து, எல்லோரும் தூங்கிய பின், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, ஒரு கால்சியம், ஒரு இரும்புச்சத்து, ஒரு டி.எல்.டி. என்று மூன்றையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறார்.

கால்சியமும் இரும்பும் டோலுடெக்ராவிரைக் கட்டிப்போட்டுவிடும். வெறும் வயிற்றில் ஒன்றாகச் சாப்பிட்டால் மருந்து குடலில் ஏறுவது வெகுவாகக் குறையும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் டி.எல்.டி.யைச் சத்து மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நாம் கொடுக்கும் சாதாரணச் சத்து மாத்திரைகள் இவை. கொடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

நேரத்தை மாற்றினோம். கால்சியம் காலை பதினொரு மணிக்கு, இரும்புச்சத்து மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, டி.எல்.டி. இரவுச் சாப்பாட்டோடு. “சாப்பாட்டோட எப்படி டாக்டர், அத்தை பக்கத்துல உக்காந்திருப்பாங்களே?” என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை.

பதிலை அவரே கண்டுபிடித்தார். சர்க்கரைக்கு இன்சுலின் ஆரம்பித்திருந்தோம். சாப்பாட்டுக்குப் பின் அளவு 164 என்பதால் காலை உணவுக்கு முன் ஆறு யூனிட், தேவைக்கேற்ப ஏற்றிக் கடைசியில் பதினாறு. மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. இன்சுலின் என்றதும் மருமகள் மேல் அவருக்கு ஒரு தனி அக்கறை வந்துவிட்டது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் மருந்துக் குப்பியை வைக்கலாம் என்று சொன்னதும், அதை அவரே செய்து தினம் தண்ணீர் தெளித்தார். அந்த வீட்டில் சர்க்கரைக்கு ரகசியம் தேவைப்படவில்லை. “இதுவும் சர்க்கரை மாத்திரைதான் அத்தை” என்று சொல்லிவிட்டு டி.எல்.டி.யைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் சொல்லிக்கொடுத்த பொய் இல்லை இது. கேட்டபோது எனக்கு ஒரு பயம்தான் வந்தது: சர்க்கரை உள்ள மாமியார் என்றைக்காவது தன் மாத்திரை தீர்ந்துபோய் இதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால்? டப்பாவைத் தன் பெட்டியில் பூட்டி வைத்து, வேளைக்கு ஒன்று மட்டும் வெளியே எடுக்கச் சொன்னேன். முப்பத்தாறாவது வாரத்தில் வைரஸ் மீண்டும் கண்டறிய முடியாத அளவுக்குப் போயிருந்தது.

எச்.ஐ.வி இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருமா?

இந்தக் கேள்வியைப் பயிற்சி மருத்துவர்கள் எப்போதும் கேட்கிறார்கள். வைரஸை மட்டும் வைத்துப் பார்த்தால், பெரிதாக வித்தியாசம் இல்லை என்றே சொல்வேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில் எச்.ஐ.விக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் என்ற எச்.ஐ.வி மருந்து வகையில் ஆரம்பகாலத்தவற்றில் மட்டும், கண்டிப்பான அளவுகோல் வைத்துச் செய்த ஆய்வுகளில், ஆபத்து கூடியது தெரிந்தது. அந்தப் பழைய மருந்துகள் இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காதபடி செய்பவை, அதனால் எனக்கு அதில் வியப்பில்லை.

டோலுடெக்ராவிர் வந்த பிறகு வேறு பேச்சு வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் ஆய்வு, இந்த மருந்தில், அதிலும் பெண்களுக்கு, எடை கூடுவதைக் காட்டியது. எடை கூடினால் சர்க்கரையும் கூடத்தானே வேண்டும்? ஆனால் போட்ஸ்வானாவில் கர்ப்பிணிகளிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களைவிட டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை குறைவாக இருந்தது. ஆகவே சர்க்கரைக்குப் பயந்து நல்ல மருந்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஜன்னலோரப் படுக்கைக்காரருக்கும் நாங்கள் டி.எல்.டி.யை மாற்றவில்லை, மெட்ஃபார்மினைத்தான் மாற்றினோம்.

அப்புறம் நம் ஊர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். மருத்துவர் வி. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம், புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. எச்.ஐ.வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மண்ணில் பிறந்த பெண்ணுக்கு ஆபத்து ஏற்கெனவே உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை, முப்பதைத் தாண்டிய வயது, 27 என்ற குறியீடு: எச்.ஐ.வி என்ற சொல்லை அழித்துவிட்டுப் படித்தாலும் ஜன்னலோரப் படுக்கைக்காரருக்குச் சர்க்கரை வந்ததை விளக்க இவை போதும்.

எச்.பி.ஏ1சி இரண்டு பேரையும் ஏமாற்றியது

இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் எச்.பி.ஏ1சி. ஜன்னலோரப் படுக்கைக்காரருக்கு அது 5.4. அதே வாரம் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 164. கதவோரத்தவருக்கு 5.9. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் மோசம். உண்மையில் இருவருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவு. கர்ப்பத்தில் சிவப்பணுவின் ஆயுள் குறைவதால் இந்த எண் இறங்கும். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவது தெரிந்த விஷயம், ஜிடோவுடின் போன்ற சில மருந்துகளில் அது இன்னும் அதிகம். இரும்புச்சத்துக் குறைவு எண்ணை மேலே தள்ளும், கதவோரத்தவருக்கு நடந்தது அதுதான். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு ஈடாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

சாப்பாட்டில் வந்த குழப்பம்

எச்.ஐ.வி உள்ள பெண்ணுக்கு வருடக்கணக்காகச் சொல்லப்பட்டது “நல்லா சாப்பிடு, உடம்பைத் தேத்து” என்பது. பேரீச்சை, வாழைப்பழம், வெல்லம் சேர்ந்த சத்துமாவு. இப்போது திடீரென்று வேறொரு அறையில் “குறை, நிறுத்து” என்கிறார்கள். அவர் பயந்துபோய் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். கீட்டோன் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. எந்த வேளையையும் விட வேண்டாம், அதே சோற்றை ஆறாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், இடையில் சுண்டல், முட்டை, மோர் என்று சொன்னோம். இரண்டு வீட்டிலும் ஒரே தவறு நடந்திருந்தது: சர்க்கரைக்கு நல்லது என்று கேழ்வரகுக் கூழ் காலையும் மாலையும். மாவாக அரைத்துக் கரைத்த கூழ் சர்க்கரையை வேகமாக ஏற்றும். இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கூழ் குடித்த இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திக் காட்டினேன், நம்பினார்கள்.

பிரசவம்

கதவோரத்தவருக்கு முதலில் வலி வந்தது. பிரசவம் முன்னேறாமல் நின்றதால் சிசேரியன். 3.7 கிலோ ஆண் குழந்தை. ஒரு மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை 34. 45-க்குக் கீழே போனால் உடனே பால் கொடுக்க வேண்டும். தாய்க்கு இன்னும் பால் இறங்கவில்லை, செவிலியர் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தார், அடுத்த பரிசோதனையில் 58. சரியான சிகிச்சை.

மூன்று நாள் கழித்து ஜன்னலோரத்தவருக்கு, 39-வது வாரத்தில், வலி வரவைத்தோம். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்ததால் சிசேரியன் தேவைப்படவில்லை. பனிக்குடத்தை நாங்களாக உடைக்கவில்லை, ஆயுதமும் போடவில்லை. 3.1 கிலோ பெண் குழந்தை, சர்க்கரை 38. அதே செவிலியர், மூன்று நாள் முன்பு செய்த அதே நல்ல காரியத்துக்காக, பவுடர் பால் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

சர்க்கரை விதிப்படி அது சரி. எச்.ஐ.வி விதிப்படி இந்தத் தாய் தேர்ந்தெடுத்தது ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், வேறு எதையும் கலப்பதில்லை. வைரஸ் அடங்கிய தாயிடமிருந்து பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் கலப்புப் பால் குழந்தையின் குடலை உறுத்தி அந்த வாய்ப்பைக் கூட்டும். முதல் நாளே கலந்தால், இனி கலந்தால் என்ன என்று தொடரும். இன்னொரு செவிலியர் தாயின் மார்பைப் பிழிந்து நான்கைந்து மில்லி சீம்பால் எடுத்தார். பாலாடை என்ற சிறு கிண்ணத்தால் ஊட்டினோம். பிறகு நெஞ்சோடு அணைத்துப் படுக்கவைத்தோம். அரை மணி நேரத்தில் 52. எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் என்பதால் குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் நெவிரபின் சிரப் தினம் 1.5 மி.லி., ஆறு வாரத்துக்கு.

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள எல்லோருக்குமே 36-வது வாரத்துக்குப் பிறகு சீம்பால் எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், இப்படிப் பவுடரைத் தேட வேண்டி வராது என்பது என் எண்ணம். எங்கள் வார்டில் அதைத் தொடங்கியிருக்கிறோம். மருந்துகளைப் பற்றிய கேள்வியையும் இப்போது உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறோம். “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று மட்டும் கேட்பதில்லை, “எந்த டப்பாவுல வெச்சிருக்கீங்க, எதோட சேத்துச் சாப்பிடுறீங்க?” என்றும் கேட்கிறோம்.

ஆறு வாரம் கழித்து

ஜன்னலோரத்தவர் சொன்ன நாளில் வந்தார். குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இல்லை. ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று இன்னும் பார்க்க வேண்டும். தாய்க்கு வெறும் வயிற்றில் 104, குளுக்கோஸ் குடித்தபின் 158. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. டி.எல்.டி. வாங்க அவர் எப்படியும் ஏ.ஆர்.டி மையத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கப் போகிறார். வருடாந்திரச் சர்க்கரைப் பரிசோதனையை அந்த மையத்துக்கு அவர் கொண்டுபோகும் பச்சைப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்தோம். அங்குள்ள ஆலோசகர் தேதியைக் குறித்துக்கொண்டார்.

கதவோரத்தவர் வரவில்லை. எச்.ஐ.வி இல்லாததால் அவரைத் தொடர்ந்து கூப்பிட எந்த மையமும் இல்லை, எந்தப் புத்தகமும் இல்லை. மூன்று முறை போன் செய்தோம். கடையில் மறுபடி சேர்ந்துவிட்டார், விடுப்பு கிடைக்கவில்லை. நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெறும் வயிற்றில் 96, குளுக்கோஸ் குடித்தபின் 146. அவருக்கும் வாசலில்தான் நிற்கிறது. அடுத்த பரிசோதனைக்கு எங்கே எழுதிக் கொடுத்தால் தொலைக்காமல் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கான தேதிக்குப் பக்கத்திலேயே “அம்மாவுக்குச் சர்க்கரை டெஸ்ட்” என்று எழுதினேன்.